மெத்தென்று ஆகிவிட்ட ஓடு: வீட்டில் வளர்ந்த நட்சத்திர ஆமையைத் தேற்றுவது எப்படி?

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். இப்போது கதை தலைகீழ். 'வீட்டில் ஆமை இருந்தால் காசு தங்கும்' என்று சொல்லியே, மீன்தொட்டிக் கடைகளின் பின்பக்கமாகவும் வாட்ஸ்அப் குரூப்கள் வழியாகவும் உள்ளங்கை அளவு ஆமைக்குட்டிகள் கைமாறுகின்றன. அந்த வீடுகளில் காசு தங்குகிறதோ இல்லையோ, ஆமை உருப்படாமல் போவது மட்டும் கிட்டத்தட்ட நிச்சயம்.

பெரும்பாலும் கதை இப்படித்தான் போகும். அடுக்குமாடி வீடு. ஹால் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கறுப்பு ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகளோடு ஒரு குட்டி ஆமை. தினமும் வெள்ளரிக்காய், தக்காளி, கொஞ்சம் சாதம். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். முதல் ஆறு மாதம் எந்தப் பிரச்னையும் இல்லை. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும்போது வீட்டில் யாராவது ஒருவர் கவனிப்பார்: "ஏன் இது நடக்கவே மாட்டேங்குது?"

இன்னொருவர் தூக்கிப் பார்ப்பார். ஓட்டை லேசாக அழுத்தினால் உள்ளே போகும். ஊறவைத்த அப்பளம் மாதிரி.

இது என்ன நோய்? ஏன் வருகிறது? தேற்ற முடியுமா? அதைவிட முக்கியமாக, இந்த ஆமையை வீட்டில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓடு என்பது சட்டை இல்லை, எலும்பு!

கார்ட்டூன்களில் ஆமை தன் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓடும். நிஜத்தில் அது நடக்கவே நடக்காது. ஏனென்றால் ஓடுதான் ஆமையின் முதுகெலும்பு, ஓடுதான் அதன் விலா எலும்பு. மேலோடும் அடியோடும் சேர்த்து சுமார் 60 எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து உருவானதுதான் அந்தக் கவசம். நாம் பார்க்கும் பளபளப்பான கறுப்பு மஞ்சள் தகடுகள் மேலே ஒட்டிய மெல்லிய உறை மட்டுமே. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான் அது.

அந்த எலும்பில் ரத்த ஓட்டம் உண்டு, நரம்பும் உண்டு. தட்டினால் தெரியும், அழுத்தினால் வலிக்கும். ஆகவே 'ஓடு மெத்தென்று ஆகிவிட்டது' என்றால் வெளியில் ஏதோ பழுது என்று அர்த்தம் இல்லை. உடம்பு முழுக்க உள்ள எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கால்நடை மருத்துவத்தில் இதற்கு 'மெட்டபாலிக் போன் டிசீஸ்' என்று பெயர், சுருக்கமாக எம்.பி.டி. தமிழில் சொன்னால் வளர்சிதை மாற்றக் கோளாறால் வரும் எலும்பு நோய். குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் நோய்க்கு இது நெருங்கிய சொந்தம். வீட்டில் அடைத்து வளர்க்கப்படும் ஊர்வனவற்றில் அடிக்கடி காணப்படும் நோய்களில் ஒன்று. காட்டில் இயல்பாக மேயும் ஆமைக்கு இது வருவது அபூர்வம்.

எலும்பு ஏன் கரைகிறது?

உடம்புக்குக் கால்சியம் எலும்புக்காக மட்டும் தேவைப்படுவதில்லை. தசை சுருங்க, நரம்பு வேலை செய்ய, இதயம் துடிக்க எல்லாவற்றுக்கும் ரத்தத்தில் குறிப்பிட்ட அளவு கால்சியம் இருந்தே ஆக வேண்டும். அளவு குறைந்தால் உயிருக்கே ஆபத்து.

எனவே ரத்தத்தில் கால்சியம் குறையும்போதெல்லாம் பாராதைராய்டு சுரப்பி ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் சேர்க்கும். சம்பளம் வராத மாதத்தில் சேமிப்பில் கைவைப்பது மாதிரி. ஒரு மாதம் என்றால் சமாளிக்கலாம். வருஷக்கணக்கில் சம்பளமே வரவில்லை என்றால்? சேமிப்பு காலி. ஆமையின் சேமிப்பு அதன் ஓடு.

இந்தச் 'சம்பளம்' நின்றுபோக வீடுகளில் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன.

முதல் காரணம் சாப்பாடு. தாவரங்களைத் தின்னும் ஆமையின் உணவில் பாஸ்பரஸைப் போலக் குறைந்தது இரண்டு மடங்கு கால்சியம் இருக்க வேண்டும். நாம் பாசமாகக் கொடுப்பதில் கணக்கு அப்படியே தலைகீழாக இருக்கிறது. 100 கிராம் வெள்ளரிக்காயில் கால்சியம் சுமார் 16 மில்லிகிராம், பாஸ்பரஸ் 24 மில்லிகிராம். தக்காளியில் 10-க்கு 24. வாழைப்பழத்தில் 5-க்கு 22. வெந்த சாதத்திலும் இதே கதைதான். பாஸ்பரஸ் அதிகமானால் இருக்கும் கொஞ்சநஞ்சக் கால்சியமும் உடம்பில் சேராது. ஆமை வயிறு நிறையச் சாப்பிடும், ஆனால் எலும்பு பட்டினி கிடக்கும்.

இரண்டாவது காரணம் வெயில். உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி-3 வேண்டும். சூரிய ஒளியில் உள்ள யு.வி.பி எனும் புற ஊதாக் கதிர் தோலில் படும்போதுதான் ஆமையின் உடம்பு இந்த வைட்டமினைத் தயாரிக்கிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படுத்தத்தக்க வடிவத்துக்கு மாற்றுகின்றன.

"எங்க வீட்ல நல்லா வெயில் வருமே, ஜன்னல் பக்கத்துலதான தொட்டியே இருக்கு" என்று பலர் சொல்வார்கள். சிக்கலே அங்கேதான். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும், யு.வி.பி கதிரை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டியும் அப்படியே. வீட்டில் எரியும் எல்.இ.டி பல்பில் யு.வி.பி கிடையாது. பார்க்க வெளிச்சமாக இருக்கும் அதே மூலையில், ஆமையின் உடம்பைப் பொறுத்தவரை எப்போதும் இருட்டுதான்.

அறிகுறிகள் என்ன?

ஆமை கத்தாது, முனகாது. அதனால் நோய் வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். கவனிக்க வேண்டியவை இவை:

நடக்கும்போது அடியோடு தரையில் உரசும். ஆரோக்கியமான நில ஆமை நான்கு கால்களையும் ஊன்றி வயிற்றை நன்றாகத் தூக்கிக்கொண்டு நடக்கும். எம்.பி.டி வந்த ஆமையோ தரையில் துடுப்புப் போடுவது மாதிரி தன்னை இழுத்துக்கொண்டு போகும்.

பின்னங்கால்கள் முதலில் பலமிழக்கும். கால் வீங்கினாற்போல் தெரியலாம், வளைந்தும் போகலாம்.

தாடை இளகும். அலகு கோணலாக, நீளமாக வளரும். இலையைக் கடிக்க வரும், ஆனால் கடிக்க முடியாது. "சாப்பாட்டைப் பார்க்குது, வாயைத் திறக்குது, அப்புறம் விட்டுடுது" என்பார்கள்.

கால்சியம் மிகவும் குறைந்துவிட்டால் கால்கள் நடுங்கும், தசை துடிக்கும். மலச்சிக்கல் வரும். சில ஆமைகளுக்குக் கழிவுப் புழையின் உட்பகுதி வெளியே தள்ளிவிடும். இந்தக் கட்டத்தில் ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஓட்டின் மேல் கூம்பு கூம்பாகப் புடைத்திருந்தாலே எம்.பி.டி என்று முடிவுகட்டக் கூடாது. நட்சத்திர ஆமைக்குக் காட்டிலேயே ஓரளவு மேடு பள்ளமான ஓடுதான். அளவுக்கு மீறிய புடைப்புக்கு வளரும் வயதில் காற்றில் ஈரப்பதம் குறைவாக இருந்ததும் முக்கியக் காரணம். அதேபோல், முட்டையிலிருந்து வெளிவந்து சில வாரங்களே ஆன குஞ்சின் ஓடு இயல்பாகவே சற்று நெகிழும். எனவே உறுதிசெய்ய எக்ஸ்ரேவும் ரத்தப் பரிசோதனையும் தேவை. எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு சாம்பல் நிழல் மாதிரி தெரிந்தால், கால்சியம் எவ்வளவு போயிருக்கிறது என்று மருத்துவரால் ஊகிக்க முடியும்.

சரி, வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாமா?

நட்சத்திர ஆமை என்றால், கூடாது. காரணம் மருத்துவம் மட்டும் இல்லை, சட்டமும்தான்.

நட்சத்திர ஆமை தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகத்தின் கிழக்குப் பகுதி, குஜராத், ராஜஸ்தான் ஆகிய இடங்களின் வறண்ட புதர்க்காடுகளிலும் பாகிஸ்தானின் ஒட்டிய பகுதியிலும் இலங்கையிலும் வாழும் காட்டு உயிரினம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வளர்ப்பதும் குற்றம். 2022-இல் கொண்டுவரப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இது முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. தண்டனை 3 முதல் 7 ஆண்டுகள் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

சர்வதேச அளவிலும் அப்படியே. 2019-இல் ஜெனீவாவில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில் நட்சத்திர ஆமை முதல் இணைப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதி இல்லை.

ஒரு சின்ன ஆமைக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றலாம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆந்திர கர்நாடக எல்லையையொட்டிய ஒரே ஒரு பகுதியிலிருந்து மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுவதாக மதிப்பிட்டது. சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பெட்டி பெட்டியாக இவற்றைப் பறிமுதல் செய்யும் செய்திகள் திரும்பத் திரும்ப வருவதற்குப் பின்னணி இதுதான். கால்களை ஓட்டுக்குள் மடக்கி டேப் சுற்றி, துணிக்குள் வைத்து அடுக்கப்பட்ட ஆமைகள். அந்தச் சங்கிலியின் உள்ளூர்க் கடைசிக் கண்ணிதான் 'காசு தங்கும்' என்று வாங்கப்படும் ஒற்றைக் குட்டி.

இப்போது உண்மையான சங்கடம். வீட்டில் ஆமை இருக்கிறது, அதன் உடம்பு மோசமாகிறது, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். இந்தப் பயத்தில் கடத்தப்படும் ஒவ்வொரு வாரமும் ஆமையின் எலும்பிலிருந்துதான் கழிகிறது. தானாக ஒப்படைத்தால் எந்தக் கேள்வியும் வராது என்று யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. தயக்கம் இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு போகலாம். ஆனால் அருகிலுள்ள வனச்சரக அலுவலகம் அல்லது மாவட்ட வன அலுவலகத்தைத் தொடர்புகொண்டு ஒப்படைப்பது ஒன்றுதான் ஆமைக்கு முறையான சிகிச்சை கிடைக்கும் வழி. வேறு யார் வீட்டிலாவது கஷ்டப்படும் ஆமையைப் பார்த்தாலும் இதே வழிதான்.

சிலர் 'பாவம், விட்டுடலாம்' என்று கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நட்சத்திர ஆமை நில ஆமை, அதற்கு நீந்தத் தெரியாது. ஆழமான தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போகும். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது கொலையில் முடியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஊருக்குப் போகும் வழியில் காட்டோரச் சாலையிலோ வயல் வரப்பிலோ நட்சத்திர ஆமை ஒன்று தெம்பாக நடந்து போவதைப் பார்த்தால் அது 'வழிதவறி வந்த' ஆமை இல்லை. அதன் வீடே அதுதான். சாலையைக் கடக்கிறது என்றால் அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே ஓரமாக விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். வீட்டுக்குக் கொண்டுவருவது மீட்பு ஆகாது.

வெளிநாட்டு ஆமை என்றால்?

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சல்கேட்டா போன்ற நில ஆமைகளை முறைப்படி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சைட்டீஸ் பட்டியலில் உள்ள இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர்கள், 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க நீர் ஆமையும் பல வீடுகளில் உண்டு. எலும்பு நோய் இவற்றுக்கும் வரும், மருத்துவரிடம் நேரடியாகக் கொண்டுபோகலாம். 1903-இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, ஊர்வனவற்றைப் பார்க்கும் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடமோ காட்டலாம். வளர்க்க முடியவில்லை என்று இவற்றை ஏரியில் விட்டுவிடக் கூடாது. அந்தச் சிவப்புக் கோட்டு ஆமை, உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பறித்துக்கொள்ளும்.

முதல் 24 மணி நேரம்

ஒப்படைக்கும்வரை இடையில் ஓர் இரவு வந்துவிட்டால் என்ன செய்வது? ரொம்பக் குறைவாகச் செய்வதுதான் நல்லது.

காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி போதும். அடியில் பழைய டவல் விரிக்கவும். டைல்ஸ் தரையில் விட்டால் கால்கள் வழுக்கி விரியும், இளகிய எலும்புக்கு அதுவே ஆபத்து. ஏசி அறையில் வைக்க வேண்டாம், மொட்டைமாடி வெயிலிலும் வேண்டாம்.

தூக்கும்போது பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஒரு உள்ளங்கையை அடியில் முழுதாகக் கொடுத்து, இன்னொரு கையால் மேலே லேசாக அணைத்துத் தூக்க வேண்டும். ஓடு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று வீட்டில் ஆளாளுக்கு அழுத்திப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். விரிசல் விட அது போதும்.

பால் ஊற்றக் கூடாது. 'பால்ல கால்சியம் இருக்கே' என்ற லாஜிக் ஆமையிடம் செல்லாது. பாலைச் செரிக்கும் வயிறு அதற்கு இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிவைத்த வைட்டமின் டி பாக்கெட்டைத் தொடவே கூடாது. வாரத்துக்கு ஒன்று என்று மனிதர்களுக்கு எழுதிக்கொடுக்கும் அந்தப் பொடியில் 60,000 யூனிட் இருக்கும். அரைக் கிலோகூட இல்லாத உயிருக்கு அதில் சிட்டிகைகூட அதிகம். டி-3 அளவு மிஞ்சினால் கால்சியம் எலும்புக்குப் போகாமல் ரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் படியும். எலும்பைக் காப்பாற்றப் போய் உயிரை எடுத்த கதை ஆகிவிடும்.

சிகிச்சை எப்படி நடக்கிறது?

மறுவாழ்வு மையத்திலோ மருத்துவமனையிலோ முதல் நாளே ஊசி, மருந்து என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்று நினைத்தால், பெரும்பாலும் அப்படி இல்லை. தசை நடுக்கம் போன்ற அவசர நிலை என்றால் மட்டும் உடனே கால்சியம் ஊசி. மற்றபடி வரிசை இதுதான்: முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், அதன் பிறகுதான் சாப்பாடு.

சூடு ஏன்? ஆமை தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. உடம்பு குளிர்ந்திருந்தால் செரிமானம் நடக்காது, மருந்தும் வேலை செய்யாது. இருப்பிடம் 26 முதல் 30 டிகிரி, வெயில்காயும் மூலை 32 முதல் 35 டிகிரி என்று வைத்து, எங்கே இருக்க வேண்டும் என்பதை ஆமையே தேர்ந்தெடுக்க விடுவார்கள்.

தண்ணீர் ஏன்? மாதக்கணக்கில் சரியாக நீர் குடிக்காத ஆமையின் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். அகலமான தட்டில் வெதுவெதுப்பான நீர், ஆமையின் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு, தினமும் 15 முதல் 20 நிமிடம். தலையை நீட்டித் தண்ணீர் குடிக்கும். பல நாள் மலச்சிக்கலும் அந்தத் தட்டிலேயே தீரும்.

பிறகு உணவு. தாடை இளகியிருப்பதால் இலைகளைப் பொடியாக நறுக்கிக் கொடுக்க வேண்டும். சாப்பிடவே முடியாத ஆமைக்கு மருத்துவர் குழாய் வழியாகக் கூழ் செலுத்துவார். வாய்வழிக் கால்சியம் எத்தனை நாள், எவ்வளவு என்பது எடையையும் ரத்தப் பரிசோதனையையும் வைத்து மருத்துவர் முடிவுசெய்வது.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

நல்ல செய்தி என்னவென்றால், ஆமைக்கு ஏற்ற சாப்பாடு தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு முளைத்துக்கிடக்கிறது. அருகம்புல் உள்ளிட்ட புல் வகைகள்தான் அடிப்படை. அதோடு செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. முருங்கைக்கீரையில் கால்சியம் அதிகம், அளவாகச் சேர்க்கலாம்.

கீரை என்றாலே நல்லதுதானே என்று பசலைக்கீரையைத் தினமும் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள ஆக்சலேட், கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. சாதம், பிரெட், பிஸ்கட், பருப்பு, இறைச்சி எல்லாவற்றுக்கும் தடா. பழமும் வழக்கமான உணவு இல்லை.

பறவை வளர்ப்பவர்கள் கூண்டில் மாட்டிவைக்கும் கணவாய் ஓடு தெரியும்தானே? நாட்டுமருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் கிடைப்பதும் இதுதான். முழுக்க முழுக்கக் கால்சியம். ஒரு துண்டை ஓரமாகப் போட்டுவைத்தால் ஆமை தேவைப்படும்போது வந்து கடித்துக்கொள்ளும். அலகும் தேயும்.

எந்த வெயில் நல்ல வெயில்?

'காலை இளவெயில்தான் உடம்புக்கு நல்லது' என்று கேட்டே வளர்ந்திருப்போம். யு.வி.பி விஷயத்தில் அது அவ்வளவு சரியில்லை. சூரியன் தாழ்வாக இருக்கும் விடியற்காலையில் இந்தக் கதிர் மிகக் குறைவாகவே தரைக்கு வரும். சூரியன் ஏற ஏறத்தான் அதிகமாகும். உச்சிவெயிலில் அதிகம், ஆனால் சென்னைக் கோடையில் அந்த நேரத்துச் சூடு ஆமையைக் கொன்றுவிடும்.

எனவே நடுவழி. காலை வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு, திறந்த வெளியில், கண்ணாடியோ பிளாஸ்டிக் ஷீட்டோ குறுக்கே இல்லாமல், பாதி இடத்தில் கட்டாயம் நிழலோடு. ஆமை தானே வெயிலுக்கு வரும், போதும் என்றால் நிழலுக்குப் போகும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி பால்கனியில் வைத்தால் கிடைப்பது யு.வி.பி இல்லை, அடுப்பு. மேலே கம்பிவலை போடவும் மறக்கக் கூடாது. ஓடு இளகிய ஆமை காகத்துக்கும் பூனைக்கும் எளிய இரை.

வெயில் இல்லாத மழைக்காலத்துக்கு ஊர்வனவற்றுக்கான யு.வி.பி விளக்கு உண்டு. அதில் ஒரு சூட்சுமம்: ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனதும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், யு.வி.பி மட்டும் குறைந்துபோயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் மாற்றிவிட வேண்டும்.

எவ்வளவு நாளாகும்?

இங்கேதான் பொறுமை சோதிக்கப்படும். ஆமையின் உடம்பு எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யும், குணமாவதையும் சேர்த்து. முதல் சில வாரங்களில் வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் சமையலறைத் தராசு போன்ற டிஜிட்டல் தராசில் எடை போட்டு எழுதிவைப்பார்கள். 'தெம்பா இருக்கிற மாதிரி தெரியுது' என்ற நம் கண்ணைவிட, மூன்று கிராம் கூடியதா குறைந்ததா என்ற எண் நேர்மையானது. சில வாரங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பழையதோடு ஒப்பிடுவார்கள்.

ஓடு மறுபடி இறுகப் பல மாதங்கள் ஆகும். வளைந்துபோன காலோ அமுங்கிப்போன ஓடோ முழுதாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. அது அப்படியேதான் இருக்கும். ஆனால் இனி வளரும் பகுதி சரியாக வளரும். நோய் மிகவும் முற்றி, சிறுநீரகமும் கெட்டுப்போன ஆமைகளில் சில பிழைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குணமானதும் காட்டில் விட்டுவிடலாமா?

கேட்க எளிதாக இருக்கிறது, செய்ய எளிதில்லை. வீடுகளிலும் கடத்தல் பெட்டிகளிலும் மற்ற ஆமைகளோடு கிடந்த ஆமை, நோய்க்கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம். காட்டிலுள்ள ஆரோக்கியமான ஆமைகளுக்கு அதைப் பரப்பிவிடும். இன்னொரு சிக்கல், எந்த ஊர் ஆமை என்றே தெரியாது. வடமேற்கு இந்தியாவின் ஆமைக் கூட்டத்தையும் தென்னிந்தியக் கூட்டத்தையும் கண்டபடி கலந்துவிடக் கூடாது என்பதில் வல்லுநர்கள் கவனமாக இருக்கிறார்கள்.

ஆனாலும் நம்பிக்கை இல்லாமல் இல்லை. கடத்தப்பட்டு சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள், 2018 நவம்பரில் விமானத்தில் பெங்களூருவுக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டன. காட்டில் விடும் நோக்கத்தோடு, கர்நாடக வனத்துறையும் வன உயிர் அமைப்புகளும் சேர்ந்து எடுத்த முயற்சி அது. தனிமைப்படுத்திக் கண்காணிப்பது, இயற்கையான வேலிக்குள் விட்டுப் பழக்குவது என்று ஒவ்வொரு படியாகத்தான் போக முடியும்.

எலும்பு கோணிப்போன ஆமைகள் பலவற்றுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வேகமாக நடக்க முடியாது, கவிழ்ந்தால் நிமிர முடியாது. அவை உயிர்க்காட்சிச் சாலையிலோ மறுவாழ்வு மையத்திலோதான் மீதி வாழ்நாளைக் கழிக்க வேண்டும். அந்த மீதி வாழ்நாள் பல பத்தாண்டுகள். ஒன்றரை வருஷத்து வெள்ளரிக்காய்க்கும் கண்ணாடித் தொட்டிக்கும் விலை இவ்வளவு.

இத்தனைக்கும் அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகள் ஆசையாகத்தான் வளர்த்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் அதுதான்: சில உயிர்களுக்கு நாம் காட்டும் பெரிய பாசம், அவற்றை வாங்காமல் இருப்பது. ஏற்கெனவே வாங்கிவிட்டோம் என்றால், பிரிய மனசில்லாவிட்டாலும் சரியான கையில் சேர்ப்பது.

ஆமை தேறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்பார்கள் அனுபவசாலிகள். தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தால் போதும். மாதக்கணக்கில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்த ஆமை, ஒருநாள் நான்கு கால்களையும் ஊன்றி எழும்பும். அடியோட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி தெரியும். அன்றைக்குத்தான் அது மறுபடி நடக்கத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.